தண்ணீரில் வாடை வருதா? பவுடரைத் தேடும் முன் தொட்டியைத் திறந்து பாருங்க!

குழாயைத் திறந்ததும் ஒரு மாதிரி வாடை. உடனே நம்மில் பலர் என்ன செய்வோம்? கடையில் ஒரு பாக்கெட் பிளீச்சிங் பவுடர் வாங்கி, கண் அளவாக ரெண்டு கை அள்ளித் தொட்டியில் போடுவோம். மூடியைச் சாத்திவிட்டு இறங்கி வந்துவிடுவோம். ரெண்டு நாளைக்குத் தண்ணீரில் பவுடர் நெடி அடிக்கும். மூணாவது நாள் பழைய வாடை மறுபடியும் எட்டிப் பார்க்கும்.

ஏன் இப்படி? வாடை என்பது நோய் இல்லை, நோயின் அறிகுறி. காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு காரணத்தைப் பார்க்காமல் விடுவது மாதிரிதான் இதுவும். வீட்டு மேல்தொட்டியையும் தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் சம்ப்பையும் எப்படிச் சுத்தமாக வைத்துக்கொள்வது, பவுடரை எந்த அளவில் போடுவது, எப்போது நீங்களே செய்யலாம், எப்போது கண்டிப்பாக உள்ளே இறங்கக் கூடாது, யாரிடம் புகார் சொல்வது என்று இந்தக் கட்டுரையில் வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு டம்ளர் சோதனை

வாடை தண்ணீரில் இருந்து வருகிறதா, வேறு எங்கிருந்தாவது வருகிறதா என்று முதலில் தெரிய வேண்டும். சுத்தமான கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடியுங்கள். சமையலறையிலேயே முகர்ந்து பார்க்காமல், வாசலுக்கோ மொட்டை மாடிக்கோ எடுத்துப் போய் முகருங்கள். அங்கே வாடை இல்லை என்றால் குற்றவாளி தண்ணீர் இல்லை, சிங்க் தொட்டியின் கழிவுக் குழாய்தான். கீஸர் வெந்நீரில் மட்டும் வாடை, பச்சைத் தண்ணீரில் இல்லை என்றால் கீஸரைச் சர்வீஸ் செய்ய வேண்டும்.

தொட்டிக்குப் போகாமல் குடிநீர் இணைப்பில் இருந்து நேராக வரும் குழாய் உங்கள் வீட்டில் இருந்தால், அதிலும் ஒரு டம்ளர் பிடித்து ஒப்பிடுங்கள். நேர்க் குழாயில் வாடை இல்லை, தொட்டித் தண்ணீரில் இருக்கிறது என்றால் பிரச்சினை உங்கள் வீட்டுக்குள். ரெண்டிலும் இருந்தால் பிரச்சினை வெளியே. இந்த ஒரு சோதனை பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

எந்த வாடை, என்ன சேதி?

அழுகிய முட்டை வாடை: இது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு. சில ஆழ்துளைக் கிணற்று நீரில் இயல்பாகவே இருக்கும். தொட்டியின் அடியில் வண்டல் படிந்து, காற்று புகாத அந்தச் சேற்றில் சில வகை பாக்டீரியாக்கள் வளர்ந்தாலும் இதே வாடை வரும்.

மண் வாசனை, பாசி வாடை: ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள்தான் காரணம். முதல் மழையில் மண்ணில் இருந்து கிளம்புகிற வாசனைக்கும் இதுவே காரணம். ஏரி நீரில் பாசியும் சில நுண்ணுயிர்களும் பெருகும்போது இது உண்டாகும். மிக மிகக் குறைந்த அளவில் இருந்தாலும் நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். இதனால் நேரடித் தீங்கு இல்லை. ஆனால் உங்கள் தொட்டியின் மூடி உடைந்து வெயில் உள்ளே படுகிறது, பாசி பிடித்திருக்கிறது என்பதற்கான துப்பாகவும் இது இருக்கலாம்.

லேசான குளோரின் நெடி: பயப்பட வேண்டாம். குடிநீரில் கிருமி நீக்கம் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அகலமான பாத்திரத்தில் கொஞ்ச நேரம் திறந்து வைத்தாலே குறையும்.

இரும்பு வாடை, பழுப்பு நிறம்: துருப்பிடித்த பழைய குழாய், அல்லது நிலத்தடி நீரில் உள்ள இரும்புச் சத்து.

சாக்கடை வாடை: இது மட்டும் எச்சரிக்கை மணி. கழிவுநீர் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. வயிற்றுப்போக்கு, டைஃபாய்டு, காலரா, மஞ்சள் காமாலை எல்லாம் இந்த வழியில்தான் வீட்டுக்குள் வருகின்றன. குடிக்க, சமைக்க, பல் தேய்க்க அந்தத் தண்ணீரை உடனே நிறுத்துங்கள். பவுடர் போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். புகார் எண்கள் கீழே இருக்கின்றன.

பவுடர் ஏன் வேலை செய்யவில்லை?

அழுக்குத் துணியை ஊற வைத்துச் சோப்புப் போட்டால் முதலில் நுரையே வராது, கவனித்திருப்பீர்கள். அழுக்கு சோப்பைத் தின்றுவிடும். குளோரினும் அப்படித்தான். தொட்டியில் வண்டல், பாசி, இலைச் சருகு, பறவை எச்சம் எல்லாம் இருந்தால், போட்ட குளோரின் அதோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். கிருமியைக் கொல்ல மிச்சம் இருக்காது. சுவரில் கைக்கு வழவழ என்று படும் படலத்துக்குள் கிருமிகள் பத்திரமாக இருக்கும், நீங்கள் போட்ட பவுடர் அதைத் தாண்டி உள்ளே எளிதில் போகாது.

இன்னொரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். நீச்சல் குளத்திலும், ரிசார்ட்டில் இருக்கும் வெந்நீர்த் தொட்டியிலும் கண் எரியும் அளவுக்கு நெடி அடித்தால், 'குளோரின் அதிகமாகப் போட்டுட்டாங்க' என்போம். பெரும்பாலும் உண்மை வேறு. வியர்வை, சிறுநீர் போன்ற அழுக்கோடு குளோரின் சேரும்போது குளோரமைன் என்ற பொருள் உண்டாகிறது. மூக்கைத் துளைப்பது அதுதான். அதாவது, நெடி கூடுவது சுத்தம் கூடியதற்கு அடையாளம் இல்லை, அழுக்கு கூடியதற்கு அடையாளம். குளத்தில் இறங்கும் முன் குளித்துவிட்டு வரச் சொல்வது இதற்காகத்தான்.

ஆக, விதி ஒன்றுதான்: முதலில் அழுக்கை வெளியே எடுங்கள், பிறகு மருந்து.

மேல்தொட்டி: படிப்படியாக

ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது சுத்தம் செய்வது நல்லது. லாரித் தண்ணீர், போர் தண்ணீர் வாங்கி நிரப்புகிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்யலாம். கிராமங்களில் ஊராட்சியின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில், சுத்தம் செய்த தேதியைப் பெயிண்டில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே பழக்கத்தை வீட்டிலும் கொண்டு வரலாம்.

1. முந்தின நாளே மோட்டார் போடுவதை நிறுத்தி, இருக்கும் தண்ணீரைத் துவைக்க, செடிக்கு ஊற்றப் பயன்படுத்துங்கள். ஒரு சாண் தண்ணீர் மட்டும் மிச்சம் இருக்கட்டும்.

2. வீட்டுக்குள் போகும் குழாயின் வால்வை மூடுங்கள். இதை மறந்தால் கலங்கிய தண்ணீர் எல்லாக் குழாய்க்கும் போய்ச் சேரும்.

3. நீளக் கைப்பிடி உள்ள நைலான் பிரஷால் பக்கச் சுவர், அடிப்பகுதி, மூடியின் உள்பக்கம் மூன்றையும் தேய்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் தொட்டிக்குக் கம்பி பிரஷ் வேண்டாம். கீறல் விழுந்தால் அதில்தான் அடுத்த பாசி குடியேறும். சோப்புத் தூளும் வேண்டாம்.

4. அடியில் உள்ள வெளியேற்றும் வால்வைத் திறந்து சேற்றுத் தண்ணீரை விடுங்கள். வால்வு இல்லாத தொட்டி என்றால் மக்கால் மொண்டு, கடைசியில் பழைய துணியால் ஒற்றி எடுங்கள்.

5. 10 லிட்டர் வாளித் தண்ணீரில் சுமார் 30 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளிய விடுங்கள். தெளிந்த நீரால் உள்சுவர் முழுக்க நனைத்து, அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். கையுறை, முகக்கவசம், கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். தலையைத் தொட்டிக்குள் விட்டுக்கொண்டு இதைச் செய்யாதீர்கள்.

6. நல்ல தண்ணீரால் ரெண்டு முறை கழுவி விடுங்கள். பிறகு தொட்டியை நிரப்பி, வால்வைத் திறந்து, ஒவ்வொரு குழாயிலும் பவுடர் நெடி குறையும் வரை தண்ணீரை ஓட விடுங்கள். அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்துக் கழிவறை கழுவலாம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. 'கறை நல்லாப் போகும்' என்று பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டையோ கழிவறை கழுவும் திரவத்தையோ கலக்கவே கூடாது. கலந்த கணமே குளோரின் வாயு கிளம்பும். நுரையீரலைத் தாக்கும் அந்த வாயு, மூடிய இடத்தில் உயிரையே பறிக்கும்.

சின்னப் பையனாகப் பார்த்துத் தொட்டிக்குள் இறக்கிவிடுவது பல வீடுகளில் வழக்கம். தயவுசெய்து வேண்டாம். நீள பிரஷ் எட்டாத தொட்டி என்றால், கருவிகளோடு வரும் பயிற்சி பெற்ற ஆட்களைக் கூப்பிடுங்கள்.

சம்ப்: இங்கே அவசரம் ஆபத்து

மேல்தொட்டியைவிட சம்ப் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. சம்ப் சுத்தம் செய்ய இறங்கியவர் மயங்கி விழுவதும், அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்தே இறப்பதும் செய்திகளில் திரும்பத் திரும்ப வருகிறது. 'அது செப்டிக் டேங்க்தானே, இது நல்ல தண்ணித் தொட்டிதானே' என்ற நினைப்புதான் முதல் தப்பு.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். இது 19.5 சதவீதத்துக்குக் கீழே போனாலே பாதுகாப்பில்லாத இடம் என்று கணக்கு. மாதக் கணக்கில் மூடிக் கிடக்கும் சம்ப்பில் மக்கும் குப்பையும், துருப்பிடிக்கும் இரும்பும் ஆக்சிஜனைக் குறைத்துவிடும். பக்கத்தில் உள்ள செப்டிக் டேங்கில் இருந்து கசிவு இருந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேரும். புதிதாகப் பெயிண்ட் அடித்த தொட்டி, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூசிய தொட்டி என்றால் அந்த ரசாயன ஆவியும் இருக்கும்.

இந்த இடத்தில் நம் மூக்கை நம்ப முடியாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருந்தால் முட்டை வாடை அடிக்கும். அளவு கூடினால் முகரும் சக்தியே மரத்துப்போய், வாடையே இல்லாத மாதிரி தோன்றும். ஆகவே 'நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்' என்பது மிகத் தவறான முடிவு. விளக்கைக் கொளுத்தி இறக்கிப் பார்ப்பதும் போதாது. ஆபத்தான வாயு இருந்தும் விளக்கு எரியலாம். எரியும் வாயு இருந்தால் தீயே பிடிக்கலாம்.

கூடுமானவரை மேலே நின்றபடியே வேலையை முடியுங்கள். நீள பிரஷ், உறிஞ்சும் பம்ப், அழுத்தமாக நீர் பீய்ச்சும் கருவி வைத்துக்கொண்டு, ஆள் இறங்காமலே சுத்தம் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆள் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், வாயு அளவிடும் கருவி, காற்று செலுத்தும் விசிறி, இடுப்பில் கயிறு, மேலே நின்று பார்த்துக்கொள்ள ரெண்டு பேர் என்று எல்லாம் இருக்கும் பயிற்சி பெற்ற குழுவிடம் விடுங்கள். வேலை தொடங்கும் முன் சம்ப் மோட்டாரின் மின் இணைப்பை மெயினிலேயே நிறுத்துங்கள். தண்ணீர் இறைக்கப் பெட்ரோல், டீசல் இன்ஜினைத் தொட்டிக்குள்ளேயோ வாயருகிலேயோ வைக்காதீர்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது.

உள்ளே யாராவது மயங்கிவிட்டால் நீங்கள் இறங்காதீர்கள். மனசு கேட்காது, உண்மைதான். ஆனால் இறங்கினால் இழப்பு இரண்டாகும். தீயணைப்புத் துறைக்கு 101, அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108. உடனே அழையுங்கள். விசிறியாலோ புளோயராலோ உள்ளே காற்று அடித்துக்கொண்டே இருங்கள்.

செப்டிக் டேங்க் பற்றியும் ஒரு வரி. பாதுகாப்பு இல்லாமல் அதற்குள் மனிதரை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறக்கச் சொன்ன வீட்டுக்காரரும் பொறுப்பாவார்.

எவ்வளவு பவுடர்?

குடிநீர் வாரியமோ உள்ளாட்சியோ தரும் தண்ணீர் குளோரின் கலந்தே வருகிறது. தொட்டி சுத்தமாக இருந்தால் நீங்கள் தினமும் எதுவும் போட வேண்டியதில்லை. கிணறு, போர், லாரித் தண்ணீர் என்றால், அல்லது மழை வெள்ளம் சூழ்ந்த பிறகு என்றால், போடலாம்.

கணக்கு சுலபம். தெளிந்த தண்ணீர் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பவுடர். 500 லிட்டருக்கு 2 கிராம், 2,000 லிட்டருக்கு 8 கிராம், 5,000 லிட்டருக்கு 20 கிராம். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் ஏறத்தாழ 4 கிராம் இருக்கும்.

சம்ப்பில் எத்தனை லிட்டர் என்று தெரியவில்லையா? நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்குங்கள். வரும் விடையை 28.3-ஆல் பெருக்குங்கள். 6 அடி நீளம், 5 அடி அகலம், 4 அடி தண்ணீர் என்றால் 120 கன அடி, அதாவது சுமார் 3,400 லிட்டர். 14 கிராம் போதும்.

பவுடரை நேராகத் தொட்டியில் கொட்டாதீர்கள். மக்கில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, மேலும் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விடுங்கள். அடியில் தங்குவது சுண்ணாம்பு. மேலே உள்ள தெளிந்த நீரை மட்டும், தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கும்போது ஊற்றினால் நன்றாகக் கலக்கும். குறைந்தது அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள்.

பவுடர் பழசாக இருந்தால் வீரியம் இருக்காது. புதுப் பவுடரில் குளோரின் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும். வெயில், ஈரம், திறந்த பை மூன்றும் அதைக் குறைத்துவிடும். சின்னப் பாக்கெட்டாக வாங்கி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இந்தியத் தர அளவீட்டின்படி, கிருமி நீக்கம் செய்த குடிநீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். குளோரோஸ்கோப் என்ற சின்னக் கருவியால் இதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

மூடி இல்லையென்றால் எல்லாம் வீண்

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்தது சாக்கடை இல்லை, நம் வீட்டில் தேங்கியிருக்கும் நல்ல தண்ணீர். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை பல மாதம் உயிரோடு இருக்கும். அதனால்தான் தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது, சுவரைத் தேய்க்கவும் வேண்டும் என்கிறோம். மூடி இறுக்கமாகப் பொருந்துகிறதா, காற்றுக் குழாயிலும் தண்ணீர் நிரம்பி வழியும் குழாயிலும் கொசு வலை கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சம்ப் மூடியின் விளிம்பு தரையைவிட உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மழைத் தண்ணீரும் வாசல் கழுவும் தண்ணீரும் உள்ளேதான் போகும்.

எங்கே சொல்வது, எங்கே பரிசோதிப்பது?

சாக்கடை கலந்த தண்ணீர் தெருக் குழாயிலேயே வந்தால் அது உங்கள் ஒரு வீட்டுப் பிரச்சினை இல்லை. குழாயில் தண்ணீர் வராத நேரத்தில் அழுத்தம் குறையும். அப்போது விரிசல் வழியாக வெளியே உள்ள கழிவு உள்ளே இழுக்கப்படும். இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது இதை இன்னும் மோசமாக்கும், விதிமீறலும்கூட.

சென்னையில் இருப்பவர்கள் குடிநீர் வாரியத்தின் 044-45674567 அல்லது 1916 எண்ணை அழைக்கலாம். மற்ற ஊர்களில் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அலுவலகத்திலும், கிராமங்களில் ஊராட்சி அலுவலகத்திலும் சொல்லுங்கள். தீர்வு கிடைக்கவில்லை என்றால் முதல்வரின் உதவி மைய எண் 1100. புகார் சொல்லும்போது தெருப் பெயர், எந்த நேரத்துத் தண்ணீரில் வாடை, பக்கத்து வீடுகளிலும் இருக்கிறதா, எத்தனை நாளாக என்ற நான்கு தகவலையும் கொடுங்கள். தண்ணீரின் நிறம் தெரியும்படி வெள்ளைப் பாத்திரத்தில் பிடித்துப் போட்டோ எடுத்து வையுங்கள். புகார் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ள மறக்காதீர்கள்.

கட்டணம் செலுத்தித் தண்ணீரைப் பரிசோதிக்கத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் மாவட்டந்தோறும் இருக்கின்றன. கிருமிப் பரிசோதனைக்குச் சாதாரண பாட்டிலில் கொண்டுபோகக் கூடாது. கிருமி நீக்கிய பாட்டிலை ஆய்வகத்திலேயே கேட்டு வாங்கி, அவர்கள் சொல்லும் நேரத்துக்குள் ஒப்படையுங்கள். கிராமங்களில் ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ், களப் பரிசோதனைப் பெட்டி மூலம் தண்ணீரைச் சோதிக்க ஐந்து பெண்களுக்குப் பயிற்சி தரும் ஏற்பாடு உண்டு. உங்கள் ஊரில் அவர்கள் யார் என்று ஊராட்சியில் கேளுங்கள்.

அடிக்கடி கேட்கப்படுபவை

படிகாரம், தேத்தாங்கொட்டை போட்டால் போதாதா?
இரண்டும் கலங்கலைத் தெளிய வைக்கும். நம் பாட்டிமார் அறிந்த நல்ல வழிதான். ஆனால் கிருமியைக் கொல்ல அது போதாது. தெளிந்த பிறகு குளோரின் சேர்க்கவோ கொதிக்க வைக்கவோ வேண்டும்.

வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறதே, தொட்டியை ஏன் பார்க்க வேண்டும்?
குடிப்பது மட்டும்தான் ஆர்.ஓ. வழியாக வருகிறது. பல் தேய்ப்பதும், காய்கறி கழுவுவதும், குழந்தையைக் குளிப்பாட்டுவதும் தொட்டித் தண்ணீரில்தானே.

சந்தேகம் இருந்தால் இன்றைக்கு என்ன செய்வது?
குடிக்கும் தண்ணீரைத் தளதள என்று கொதி வரும்வரை காய்ச்சி, மூடிய பாத்திரத்திலேயே ஆற வையுங்கள். கை விட்டு மொள்ளாமல் கரண்டியால் எடுங்கள். ஆனால் சாக்கடை வாடை அடிக்கும் தண்ணீரைக் காய்ச்சிக்கூட குடிக்க வேண்டாம்.

வாடகை வீடு, அடுக்குமாடி என்றால்?
சுத்தம் செய்த தேதியைத் தொட்டி மீது எழுதி வைக்கும்படி வீட்டு உரிமையாளரிடமோ குடியிருப்போர் சங்கத்திடமோ கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இப்போதே ஒரு வேலை செய்யலாம். செல்போன் காலண்டரில் ஆறு மாதத்துக்கு ஒரு நினைவூட்டல் வையுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிச்சத்தில், ஒருவர் துணையோடு மாடிக்குப் போய் மூடியைத் திறந்து, செல்போன் டார்ச் வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். அடித்தளம் பளிச்சென்று தெரிந்தால் நிம்மதி. தெரியவில்லை என்றால், தொட்டியைக் கழுவும் நாள் வந்துவிட்டது.